சொல்லிக்கொள்ளாமல் கிளம்ப வேண்டிய வீடு

இன்று காலை என் வாசலில் வந்து நின்ற ஆர்டர்லியிடமிருந்து உன் வாசனை அடித்தது. ஈரக் கம்பளி வாசனை. விடிந்ததிலிருந்து மார்கழித் தூறல் விடவில்லை. அல்சூர் ஏரிக்கரை வழியாகச் சைக்கிளில் வந்தவன், பட்டாளத்துக் கோட்டோடு தொப்பலாக நனைந்திருந்தான். கதவைத் திறந்தபோது அந்த நெடி முகத்துக்கு நேரே வந்தது. நீதான் என்று நினைத்து, "காலங்காத்தால என்னா முன்ஷி" என்று கேட்டும் விட்டேன். பாவம், அவன் விறைப்பாக நின்று சலாம் வைத்துச் சீட்டை நீட்டினான்.

யாரோ ஒரு துரை போட்டுக் கழித்த அந்தப் பழைய கோட்டை எத்தனை வருஷம்தான் போட்டுக்கொண்டு திரிந்தாய். தோள் ஒரு பக்கம் இறங்கியிருக்கும். மழையில் நனைந்து வந்தால் அதைக் கழற்றி என் வீட்டு நாற்காலி முதுகில் மாட்டுவாய். நீ போன பிறகும் அந்த வாசனை கூடத்தில் கிடக்கும். என் மனைவி முணுமுணுத்துக்கொண்டே சாம்பிராணி போடுவாள். இன்று அவளே, அடுப்புப் பக்கம் உலரட்டும் என்று ஆர்டர்லியின் கோட்டை வாங்கிக்கொண்டு போனவள், கதவோரம் நின்று அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு உள்ளே போனாள்.

சீட்டில் பழைய கதைதான். யாரோ ஒரு கேப்டன் துரை. அவருக்குக் கீழே இருப்பவர்கள் பெரும்பாலும் தமிழ் ஆட்கள். நாளைக் காலை ரயிலில் எல்லோரும் யுத்தத்துக்குக் கிளம்புகிறார்கள். எங்கே என்று எழுதவில்லை, எழுதவும் மாட்டார்கள். இன்று மாலை வீட்டார் வந்து வழியனுப்புவார்களாம். வருகிற தாய்மார்களிடம் துரை தமிழில் பேச வேண்டுமாம். ஒரே நாளில் தமிழ் வராது என்பது தமக்கும் தெரியும், ஆனாலும் மாலைக்குள் வந்தாக வேண்டும், முன்ஷி உடனே புறப்பட்டு வரவும் என்று முடித்திருக்கிறார். இவர் இந்த ஊருக்கு வந்து எத்தனையோ மாதம் ஆகிறது. இத்தனை நாளும் என்ன செய்தார் என்று கேட்டால் டென்னிஸ் என்பார்.

எனக்கு வழக்கம்போல் சுர்ரென்று ஏறியது. தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு, விடுவிடுவென்று நடந்தேன். ஆர்டர்லி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே வந்தான். ஜோகுபாளையம் தெருவைத் தாண்டி, மாதா கோயில் திருப்பம் வந்த பிறகுதான், "சார், துரை பங்களா இந்தப் பக்கம் இல்ல" என்றான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் போய்க்கொண்டிருந்தது உன் வீட்டுக்கு.

என் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டேன். பதில் எழுதித் தருகிறேன் என்று அவனை வாசல் பெஞ்சில் உட்கார வைத்தேன். பதில் எழுதத்தான் காகிதம் எடுத்தேன். உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். அவன் இரண்டாவது டம்ளர் காபி குடிக்கிறான்.

அவசரச் சீட்டுக்குத் தனியாகப் போவதில்லை என்ற ஏற்பாடு நீ வைத்ததுதான். அது எதனால் வந்தது என்பது நினைவிருக்கும். மலைமேல் காபித் தோட்டம் வாங்கிய ஒரு துரைசானி, வெள்ளிக்கிழமை புறப்படுவதற்குள் தமிழ் வேண்டும், அதிலும் வேலைக்காரர்களைத் திட்டுகிற தமிழ் மட்டும் போதும் என்று சொல்லி அனுப்பினாள். நான் போய், அம்மையார் இங்கிலீஷில் திட்டினாலே எல்லோருக்கும் நன்றாகப் புரியும், தமிழுக்குச் செலவு செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதோடு அந்தத் தெருவில் இருந்த நாலு பங்களாவும் எனக்கு மூடிக்கொண்டன. நீ விழுந்து விழுந்து சிரித்தாய். சிரித்து முடித்துவிட்டு, "இனிமே அவசரச் சீட்டு வந்தா தனியா போவாத. என்னக் கூட்டிக்கினு போ. எனக்கு வந்தா உன்னக் கூப்புடறேன். ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல கோவம் வராது" என்றாய்.

நம்முடையதை உத்தியோகம் என்றும் சொல்ல முடியாது, வியாபாரம் என்றும் சொல்ல முடியாது. வெள்ளைக்காரத் துரைமாருக்கு நாட்டு மொழி சொல்லித்தரும் முன்ஷிகள், அவ்வளவுதான். நான் தமிழ், நீ இந்துஸ்தானி. கண்டோன்மெண்டில் பங்களா பங்களாவாக ஏறி இறங்கினோம். பின்வாசலில் பட்லர் மனம் வைத்தால் உள்ளே போகலாம், இல்லையென்றால் வேப்பமரத்தடியில் நிற்கலாம். துரை மொழிப் பரீட்சையில் தேறினால் அவர் கெட்டிக்காரர். தவறினால் முன்ஷி மண்டூகம். வருஷம் முழுக்கக் குதிரைமேல் இருப்பார்கள். பரீட்சை வாசலுக்கு வந்த பிறகு நம் ஞாபகம் வரும், உடனே சீட்டு பறக்கும். சனிக்கிழமை மாலையில் பிரசங்கத்தை முழுவதும் தமிழாக்கச் சொன்ன அந்தப் பாதிரியாரை மறக்க முடியுமா? நாம் இருவரும் உட்கார்ந்து முடித்துக் கொடுத்தோம். மறுநாள் மணி அடிக்கிற நேரத்தில் கோயில் வாசலில் என்னைப் பிடித்து நிறுத்தி, நடுவில் ஒரு வேடிக்கைப் பேச்சைச் சேர்க்க வேண்டும், சனங்கள் சிரிக்க வேண்டும் என்றார். அந்த வேடிக்கை எனக்கே புரியவில்லை. நீதான், அந்த இடம் வரும்போது பாதிரியார் கொஞ்சம் நிறுத்தட்டும், நான் பின்வரிசையில் உட்கார்ந்து சிரிக்கிறேன், மற்றவர்களும் சிரிப்பார்கள் என்றாய். அப்படியே நடந்தது. பாதிரியார் சாகும்வரை அதைத் தன் திறமை என்றே நம்பியிருப்பார்.

ஆனால் உன்னை நினைத்தால் எனக்கு முதலில் நினைவு வருவது அந்தச் சிரிப்பு அல்ல. நீ கேட்கும் கேள்வி. எந்தத் துரை எந்த அவசரத்தோடு வந்தாலும், புத்தகத்தைத் திறக்கும் முன்னால் நீ அதைத்தான் கேட்பாய். எங்கே நின்று சொல்லப் போகிறீர்கள்? யார் காதில் விழ வேண்டும்? அந்த வீட்டுக்குள் எப்படிப் போவீர்கள், எப்படி வெளியே வருவீர்கள்? அவர்களுக்கு எரிச்சலாக இருக்கும். எனக்குமே சில சமயம் எரிச்சலாக இருந்தது. மொழி சொல்லிக் கொடுக்க வந்தவனுக்கு வாசற்படியைப் பற்றி என்ன கவலை என்று உன்னை நான் கேலி செய்திருக்கிறேன்.

முதல் யுத்தத்தின் நடுவில் வந்தது அந்த மேஜருடைய சீட்டு. நீ இருந்தவரை அதைப் பற்றி நாம் அதிகம் பேசிக்கொண்டதில்லை. இப்போது பேசுகிறேன், உனக்குத் தடுக்க வழியில்லை.

அந்த மேஜர் என் மாணவர் என்று பெயர். தமிழில் அவருக்கு வந்தது வணக்கம் சொல்வதும் விடைபெறுவதும்தான். நடுவில் ஒன்றும் கிடையாது. யுத்தம் வந்ததும் பாஸ்ரா பக்கம் போய்விட்டார். கையில் காயம்பட்டு, ஓய்வுக்கு என்று ஊர் திரும்பியது எனக்குத் தெரியாது. ஒருநாள் விடிந்ததும் விடியாததுமாகச் சீட்டு வந்தது. அன்று சாயங்கால ரயிலில் பம்பாய்க்கு, அங்கிருந்து கப்பலில் திரும்பவும் பாஸ்ராவுக்கு. அதற்கு முன்னால், காலை பத்து மணிக்குள் தமக்குத் தமிழ் வேண்டும். நான் சீட்டைக் கசக்கிக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தேன். நீ அந்தக் கோட்டை மாட்டிக்கொண்டே அதைப் பிரித்துப் படித்துவிட்டு, நடப்போம் என்றாய்.

பங்களாவில் மூட்டை முடிச்செல்லாம் கட்டி வைத்திருந்தார்கள். மேஜர் கட்டுப் போட்ட கையோடு மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். மூன்று வருஷமாகப் பாடத்துக்கு டிமிக்கி கொடுத்த மனிதருக்கு நன்றாகச் சூடு கொடுக்க வேண்டும் என்று மனதுக்குள் வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன். அவர் சொன்னதைக் கேட்ட பிறகு அவை ஒன்றும் வாயில் வரவில்லை. அடுகோடியில் ஒரு விதவைத் தாய். அவளுக்கு இரண்டே பிள்ளைகள். இரண்டு பேரும் இவருடைய பட்டாளத்தில், இவருக்குக் கீழே. மூத்தவன் மாணிக்கம் அங்கே செத்துப்போனான். இளையவன் இன்னும் அங்கேதான் இருக்கிறான். சர்க்கார் காகிதம் இன்றைக்கோ நாளைக்கோ அவளுக்கு வந்துவிடும். எழுதப் படிக்கத் தெரியாதவள், தெருவில் யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்வாள். இத்தனை நாள் தள்ளிப்போட்டாயிற்று, அதற்கு முன் தாமே போய்ச் சொல்ல வேண்டும். நடுவில் பேசத் துபாஷி வேண்டாம். அவள் பாஷையில், தம் வாயால் சொல்ல வேண்டும் என்றார்.

அவர் இங்கிலீஷில் ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தார். ராஜ விசுவாசம், வீரம், தியாகம், சாம்ராஜ்யத்தின் நன்றி, எல்லாம் இருந்தன. நான் பேனாவை எடுத்தேன். கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி நல்ல தமிழில் போட்டுக் கொடுக்கிறேன் என்ற எண்ணம். ஏழெட்டு வரி எழுதியும் விட்டேன். நீ என் கையில் இருந்த காகிதத்தைப் பிடுங்கவில்லை, தடுக்கவில்லை. மேஜரைப் பார்த்து உன் கேள்வியைக் கேட்டாய். எங்கே நின்று சொல்லப் போகிறீர்கள்?

அவர் அதை யோசித்திருக்கவில்லை. அவள் வீட்டில் நாற்காலி இருக்காது என்றாய். பூட்ஸைக் கழற்றிவிட்டுக் குனிந்துதான் உள்ளே போக வேண்டும், அவள் தரையில் உட்கார்ந்திருப்பாள், நீங்களும் உட்கார வேண்டும், உட்கார்ந்துகொண்டு இவ்வளவு நீளம் பேச முடியுமா என்று கேட்டாய். அவர் தம் காகிதத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு அதைக் கவிழ்த்து வைத்தார். எது இல்லாமல் முடியாதோ அதை மட்டும் சொல்லுங்கள், அதைத் தமிழில் தருகிறோம் என்றாய். இங்கிலீஷில் அவர் மெள்ள மெள்ளச் சொன்னது மூன்று வரிக்கு வந்தது.

"அம்மா, உங்க மாணிக்கம் தவறிட்டான். நான் பக்கத்துலதான் இருந்தேன். சின்னவன் நல்லா இருக்கான்."

நாலாவதாக, அவன் கஷ்டப்படாமல் போனான் என்று ஒரு வரி சேர்க்கலாமா என்று கேட்டார். அது நிஜமா என்று நீ கேட்டாய். மேஜர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மூன்று வரி போதும் என்றார்.

அந்த மூன்று வரியைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தோம். நான் எழுத்தைத் திருத்தினேன், நீ குரலைத் திருத்தினாய். பரேடு மைதானத்தில் கத்துகிற குரலில் அவர் தவறிட்டான் என்று சொன்னதைக் கேட்டுப் பின்வாசலில் இருந்த பட்லர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். கடைசியில் ஒரு வழியாக வந்தது. நாம் எழுந்து நின்றோம். அவரும் எழுந்து, கட்டுப் போடாத கையை உயர்த்தி, எனக்காகவே, சுத்தமான உச்சரிப்பில், "போய்ட்டு வர்றேன்" என்றார். அவர் வீட்டில் நின்றுகொண்டு அவரே நமக்குச் சொன்னார். நாமும் சிரிக்காமல், வாங்க என்று சொல்லிவிட்டு வந்தோம்.

அல்சூர் மார்க்கெட்டுக்கு எதிரே இருந்த காபி ஹோட்டலில் போய் உட்கார்ந்தோம். எனக்கு மனசு கனத்துக் கிடந்தது. அதை மாற்றிக்கொள்ள என் பெருமையை நானே பேச ஆரம்பித்தேன். மூன்று வருஷத்தில் அந்த ஆளுக்கு வேற்றுமை உருபு ஒன்றுகூட ஏறவில்லை, ஆனால் பார்த்தாயா, போய்ட்டு வர்றேன் மட்டும் தமிழனைப்போல் சொல்கிறார், எந்த வீட்டை விட்டுக் கிளம்பினாலும் அவர் அதை மறக்க மாட்டார், அப்படிப் பழக்கியிருக்கிறேன் என்றேன். நீ சிரித்தாய். டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனாய். அப்படியே நிறுத்தினாய்.

உன் முகத்தில் சிரிப்பு வடிந்துபோனதை நான் இப்போதும் பார்க்கிறேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எழுந்திரு" என்றாய். எனக்கு இன்னும் விளங்கவில்லை. நீ தெருவில் இறங்கி, போகிற ஜட்காவை நிறுத்தி, ஜல்தி ஜல்தி என்று வண்டிக்காரனை விரட்டினாய். வண்டியில் ஏறிய பிறகுதான் சொன்னாய்.

"சாவு வீட்ல இருந்து வர்றப்ப யாராவது வர்றேன்னு சொல்லுவாங்களாடா? அதுவும் சாவு சேதி கொண்டாந்தவன். இன்னொரு புள்ள அங்க இருக்கான். இவன் திரும்ப வர்றேன்னு சொன்னா அந்தம்மாவுக்கு என்னான்னு கேக்கும்?"

பிறந்ததிலிருந்து தெரிந்த சங்கதி. உன் வீட்டிலும் அதுதான் வழக்கம், என் வீட்டிலும் அதுதான். நீங்கள் புதைக்கிறவர்கள், நாங்கள் எரிக்கிறவர்கள், ஆனால் துக்க வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வருவதில் நமக்குள் வித்தியாசமே கிடையாது. பூட்ஸ் வரை யோசித்த நீயும் மறந்தாய், இலக்கணம் பேசின நானும் மறந்தேன். சொல்ல வேண்டிய மூன்று வரியிலேயே இருந்துவிட்டோம். சொல்லக் கூடாத ஒன்று அவர் நாக்கில் ஏற்கனவே உட்கார்ந்திருக்கிறது என்பது இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

பங்களாவில் அவர் இல்லை. கிளம்பி நேரமாகிவிட்டது என்றான் பட்லர். அங்கிருந்து அடுகோடிக்கு அந்த ஜட்கா போன வேகத்தை இன்று நினைத்தாலும் எனக்கு முதுகெலும்பு வலிக்கிறது. நீ கோட்டின் பித்தானைத் திருகிக்கொண்டே வந்தாய். நான் மனசுக்குள் அந்த மேஜர் வழி தப்பிப் போயிருக்க வேண்டும் என்று சாமியெல்லாம் வேண்டிக்கொண்டேன்.

வழி தப்பவில்லை. சந்து முனையில் அவர் வந்த வண்டி நின்றது. தெரு ஆட்கள் சுவரோடு சுவராக நின்றிருந்தார்கள். தாழ்வான கதவுக்கு வெளியே பூட்ஸ் ஜோடியாக இருந்தது. நாம் வாசலுக்குப் போனபோது மேஜர் மூன்று வரியும் சொல்லி முடித்திருந்தார். தரையில், அவள் எதிரில், காயம்பட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் அழவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, "சின்னவன் நல்லாருக்கானா" என்று கேட்டாள். அவர், "சின்னவன் நல்லா இருக்கான்" என்றார். அவள் மறுபடியும் கேட்டாள். அவர் மறுபடியும் அதையே சொன்னார். எத்தனை முறை கேட்டாள் என்று எனக்குத் தெரியாது. அவரிடம் இருந்த தமிழ் அவ்வளவுதான். அவளுக்கு வேண்டியிருந்ததும் அவ்வளவுதான். பிறகு அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குனிந்தாள். சத்தம் அப்போதுதான் வந்தது.

மேஜர் எழுந்தார். தொப்பியை எடுத்துக்கொண்டார். அவர் தோள் நிமிர்ந்ததைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, நான் பழக்கிய தோள் அது. கையை உயர்த்தி, "அம்மா, போய்" என்றார்.

அதற்குள் நீ உள்ளே போய்விட்டாய். அவருடைய முழங்கையைப் பிடித்தாய். வெள்ளைக்கார அதிகாரியை, சீருடையில் இருப்பவரை, தெருவே பார்க்க ஒரு முன்ஷி கையைப் பிடித்து இழுப்பது என்றால் அந்தக் காலத்தில் என்ன என்பது உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். நீ இந்துஸ்தானியில் இரண்டே சொல் அவர் காதில் சொன்னாய், போதும், வாருங்கள் என்று. பிடித்த பிடியை விடாமல் வாசலுக்கு நடத்திக்கொண்டு வந்தாய்.

வெளியே வந்ததும் அவர் கையை உதறினார். முகம் செங்கல் நிறத்துக்குப் போயிருந்தது. நீ அவசரப்படாமல், குரலைத் தாழ்த்தி, எங்கள் வழக்கம் இது, நீங்கள் அந்தச் சொல்லைச் சொன்னால் இளையவனுக்கும் சேதி கொண்டு வருவேன் என்று அவள் காதில் விழும் என்று சொன்னாய். அவர் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். அப்படியானால் என்ன சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று கேட்டார். ஒன்றும் சொல்ல வேண்டாம், அப்படியே போங்கள் என்றாய். அவர் குனிந்து ஒற்றைக் கையால் பூட்ஸை மாட்டிக்கொண்டார். வண்டியில் ஏறினார். நம்மைத் திரும்பிப் பார்க்கவில்லை, நம்மிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் அதைச் சரியாகத்தான் செய்தார்.

அவர் யாரிடமும் குற்றம் சொல்லவில்லை என்பது என் நம்பிக்கை. ஆனால் தெருவுக்கு வாய் உண்டு, பட்லர்களுக்கு அதைவிடப் பெரிய வாய் உண்டு. துரை கையைப் பிடித்து இழுத்த முன்ஷி என்று கண்டோன்மெண்ட் முழுக்கப் பேச்சாகிவிட்டது. உனக்குச் சீட்டு வருவது குறைந்தது, பிறகு நின்றே போனது. பழைய மாணவர்கள் வழியில் பார்த்தால் சைக்கிளை வேறு பக்கம் திருப்பினார்கள். நான் ஒவ்வொரு பங்களாவாகப் போய் நடந்ததைச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று குதித்தேன். நீ விடவில்லை. "சொல்லப் போனா அந்தம்மா வீட்டுச் சங்கதி பார்ட்டிக்குப் பார்ட்டி கதையா ஓடும். வுடு" என்றாய். அத்திபெலேயில் ஒரு சந்தை வியாபாரியிடம் போய்க் கணக்கெழுதிக்கொண்டு, வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்தாய். ஒருநாள்கூட அந்த மேஜரையோ அந்தக் காலைப் பொழுதையோ குறை சொல்லி நான் கேட்டதில்லை. நான் சொன்னேன், உனக்கும் சேர்த்து.

எனக்கு வேறு ஒரு கஷ்டம் வந்தது. எந்த மாணவருக்கும் போய்ட்டு வர்றேன் என்ற பாடத்தை எடுக்க நாக்கு எழவில்லை. அந்த இடம் வந்தால் பக்கத்தைப் புரட்டிவிடுவேன்.

யுத்தம் முடிந்து, அடுத்த மழைக்காலமும் போன பிறகு, உன் வீட்டு வாசலில் மாணிக்கத்தின் தாய் வந்து நின்றாள். அன்று நானும் அங்கே இருந்தேன். கூடவே ஒல்லியாக, மீசை வைத்த ஒருவன். அவன்தான் இளையவன். யாரையோ கேட்டு, யாரையோ கேட்டு, உன் வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறாள். நீ நாற்காலியைத் துடைத்துப் போட்டாய். அவள் உட்காரவில்லை. "அன்னைக்கி அந்தத் தொரை என்னா சொல்ல வந்தாருன்னு எனக்குத் தெரியும்பா. பாதி காதுல வுயுந்துச்சி. மீதி வுயறதுக்குள்ள நீ இஸ்துக்கினு போய்ட்ட. அந்த மீதி இல்லாததாலதான் நான் இத்தன நாளு தூங்கனேன்" என்றாள். நீ தலையைக் குனிந்துகொண்டாய். அவள் கொண்டு வந்த முறுக்கு டப்பாவை உன் மனைவி வாங்கிக்கொண்டாள். பையன் சுவரில் இருந்த மாதா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கிளம்பும்போது அவள் கேட்டுக்கு அப்பால் போய் நின்று, திரும்பி, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "போய்ட்டு வர்றேம்பா" என்றாள். நீ, "வாங்கம்மா" என்றாய். மறுநாள் முதல் நான் அந்தப் பாடத்தைத் திரும்ப எடுக்க ஆரம்பித்தேன். ஆனால் அதை எங்கே சொல்லக் கூடாது என்பதையும் சேர்த்தே எடுத்தேன்.

பிறகு நாள் ஆக ஆக உன் பேரும் பங்களாக்களில் திரும்பி வந்தது. புதுத் துரைமார் வந்தார்கள், புது அவசரங்கள் வந்தன. நாமும் கிழவர்களானோம். போன வருஷம் உனக்கு மார்ச்சளி பிடித்து, படுக்கையாகிவிட்டாய். நான் தினமும் சாயங்காலம் வருவேன். ஒருநாள் நீ கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாய், மூச்சு கரகரவென்று இழுத்தது. எனக்குப் பயமாகிவிட்டது. எழுந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஓசைப்படாமல் வாசலுக்கு வந்தேன். பின்னாலிருந்து உன் குரல் வந்தது.

"முன்ஷி. இது இன்னும் சாவு வீடு ஆவல. ஒழுங்கா சொல்லிக்கினு போ."

திரும்பி வந்தேன். கட்டில் பக்கத்தில் நின்று, பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப்போல், போய்ட்டு வர்றேன் என்றேன். நீ கண்ணைத் திறக்காமலே சிரித்து, வா என்றாய்.

மறுநாள் நான் வந்தபோது உன் வீட்டு முன்னால் ஆட்கள் நின்றிருந்தார்கள். கல்லறை வரை வந்தேன். திரும்பி உன் வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். உன் கோட்டு கதவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. கிளம்புகிற நேரம் உன் மனைவி என்னைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் நான் அந்த வீட்டை விட்டு அவளிடம் சொல்லாமல் கிளம்பியதே இல்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டு எழுந்து வந்தேன். வாழ்நாளில் அவ்வளவு கஷ்டமான காரியம் ஒன்றை நான் செய்ததில்லை. தெருவில் அழுதுகொண்டே வந்தேன். கோபக்காரக் கிழவன் அழுகிறான் என்று பார்த்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

வாசலில் ஆர்டர்லி கனைக்கிறான். இவனும் நாளைக்கு அந்த ரயிலில்தான் போகிறானாம். இப்போதுதான் கேட்டேன். அம்மா ஓசூரிலிருந்து வருகிறாளாம்.

நான் அந்தக் கேப்டனிடம் போகத்தான் போகிறேன். நீ வைத்த ஏற்பாட்டுக்குப் பிறகு முதல் தடவையாகத் தனியாக. அவரும் ஒரு பக்கம் எழுதி வைத்திருப்பார். ராஜா, கடமை, வெற்றி எல்லாம் அதில் இருக்கும். நான் கோபப்பட மாட்டேன். எங்கே நின்று சொல்லப் போகிறீர்கள், யார் காதில் விழ வேண்டும் என்று கேட்பேன். பிறகு எல்லாவற்றையும் கவிழ்த்து வைக்கச் சொல்லிவிட்டு, ஒரே ஒரு வரி தருவேன். போய்ட்டு வர்றோம்மா. மாலைக்குள் அது வந்துவிடும். மைதானத்தில் ஒவ்வொரு தாயின் முன்னாலும் நின்று அதை அவர் சொல்லட்டும். வாங்க என்று அவர்கள் சொல்வார்கள். எத்தனை பேர் வருவார்கள் என்பது அவர் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை. ஆனால் சொல்ல வேண்டிய இடத்தில் அது சொல்லப்பட்டிருக்கும்.

தூறல் விட்டிருக்கிறது. பதில் எழுத எடுத்த காகிதமெல்லாம் உனக்கே தீர்ந்துவிட்டது, நேரிலேயே போய்விட வேண்டியதுதான். ஆர்டர்லி உலர்ந்த கோட்டை மாட்டிக்கொள்கிறான். குடையை எடுத்துக்கொண்டேன். உள்ளே என் மனைவியிடம் போய்ட்டு வர்றேன் என்று சொல்லிவிட்டேன். வாங்க என்று சமையல்கட்டிலிருந்து குரல் கொடுத்தாள். உன்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.